குழாய் இலக்கம் 318

பாலத்தடியில் பாடுவது மீனில்லை, ஊரிதான் என்று
வாவிக்காரர் சொல்வார்கள்.
எந்த ஊரி என்று கேட்பேன்.
அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

வந்தாறுமூலை. விலங்கியல் அருங்காட்சி அறை.
மூன்றாம் அலுமாரி, ஒன்பதாவது இழுப்பறை.
மரத்தின் புளிப்பு ஆண்டாண்டாய் ஓட்டைத் தின்று
வெண்மாவாய் உதிர்த்திருக்கிறது.
பஞ்சடைத்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் மட்டும்
ஏழு பேர் தப்பியிருக்கிறார்கள்.

நீல மசி, சாய்ந்த எழுத்து:
காயங்கேணி. செத்த முருகைக்கல்லின் அடிப்புறம்.
ஒன்றரைப் பாகம் ஆழம். 14.3.1971.
எடுத்தவர் மீ. ஆதம்லெப்பை.
கீழே வேறொரு கை, பென்சிலில் ஒரு லத்தீன் பெயர்.
பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி.

அந்தப் பென்சில்காரர் யாரென்று பதிவேட்டில் இல்லை.
அவர் எழும்பிப்போன கேள்விக்குப் பக்கத்தில்
நான் கதிரை இழுத்துப் போட்டிருக்கிறேன்.

கடுகளவு என்று எழுத எனக்கு அனுமதியில்லை.
உயரம் இரண்டு தசம் மூன்று மில்லிமீற்றர்.
மங்கல் மஞ்சள். பழுப்புப் பட்டி இரண்டு.
உதட்டின் உட்புறம் பல் இல்லை.
எல்லாமே வலஞ்சுழி.
(கோயிலில் வலம்புரி என்று வைத்திருப்பதை
நாங்கள் இடஞ்சுழி என்போம்.
அந்தச் சண்டைக்கு இன்றைக்கு நேரமில்லை.)

உச்சியைப் பார்க்கவேண்டும்.
குஞ்சில் கட்டிய ஓட்டை
ஊரி ஒருநாளும் கழற்றி எறிவதில்லை,
கிழடானாலும் தலையில் சுமக்கும்.

முதலாவது: மூன்றரைச் சுற்று.
பிறந்ததும் நீந்தப் போனது இது.
வாரக்கணக்கில் நீரோட்டத்தோடு அலைந்து
அகப்பட்ட கல்லில் இறங்கியது.
இரண்டாவது மூன்றரை. மூன்றாவதும்.
நான்காவது,
ஒன்றேகால்.

கண்ணைக் கசக்கிவிட்டு எண்ணினேன். ஒன்றேகால்.
பருத்து மழுங்கிய உச்சி.
முட்டைப்பையைக் கிழித்த அன்றே நடந்தது,
பிறந்த கல்லைவிட்டு எங்கும் போகாதது.

ஒரே கல், ஒரே நாள், ஒரே குழாய்.
பட்டிகூட இரண்டு.

சாவணத்தால் அதைப் புரட்டினேன்.
டிக்.
இல்லை.

ஃபேனை நிறுத்தினேன். மூச்சையும்.
குசலாம்பிகை பிளேன்ரீயோடு கதவைத் தள்ளினாள்.
"அங்கேயே நில்லுங்க!"
நின்றாள், ஒரு கால் அந்தரத்தில்.
"என்ன புள்ள, பாம்பா?"
"ஊரி."
"ஊரிக்கா இந்தப் பாடு? கடற்கரையில கிடக்கு கா,
சாக்கில அள்ளித் தாறன்."

முழங்காலில் நின்று ஈரத் தூரிகையால்
சீமெந்துத் தரையைச் சதுரம் சதுரமாய்த் தொட்டேன்.
மணல். மணல். பல்லி எச்சம்.
யாரோ கடித்துத் துப்பிய நகம். மணல்.
பல்லைக் கடித்துக்கொண்டு
ராஜிநாமாக் கடிதத்தின் முதல் வரியை யோசித்தேன்.

கோப்பையை வைத்துவிட்டு அவளும் குந்தினாள்.
கைபேசி வெளிச்சத்தைத் தரையோடு தரையாய்ச் சாய்த்தாள்.
மணலுக்கெல்லாம் நிழல் நீண்டது.
அலுமாரிக் காலடியில் ஒரு நிழல்
கூம்பாய்.

"இதுவா?"
"இதுதான்."
"இதுக்குப் பேரென்ன?"
"இன்னும் இல்லை."
"பேரே இல்லை, பிறகு எப்படி
இதுதான் எண்டு சொன்ன?"

பதில் சொல்லாமல் பிளேன்ரீ குடித்தேன்.
சீனி கூட.

மிச்சத்தையும் எண்ணினேன்: மூன்றரை, ஒன்றேகால், மூன்றரை.
ஐந்து, இரண்டு. இனி இரண்டு குழாய்.
பென்சில் பெயர் அந்த ஐவரோடு போகட்டும்,
கேள்விக்குறியை மட்டும் அழித்துவிடலாம் என்று
அழிறப்பரை எடுத்தேன். வைத்துவிட்டேன்.
பழைய லேபலில் கைவைக்கக்கூடாது என்பது விதி.
அவர் எந்த ஊரியைப் பார்த்துத் தயங்கினார் என்பதும்
எனக்குத் தெரியாது.

318ஆ. காயங்கேணி. இரண்டு ஓடுகள்.
பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு.
எடுத்தவர் மீ. ஆதம்லெப்பை.
தரையிலிருந்து எடுத்தவர் என்று
லேபலில் ஒரு வரி அச்சடித்திருக்கவில்லை,
ஓரத்தில் இடமிருந்தது:
தா. குசலாம்பிகை, பிற்பகல் 3.50.